தோல்வியும் தீர்மானமும்: சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் 1939ஆம் ஆண்டு உதைபந்தாட்டப் பருவம்

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி நோக்கிச் செல்லும் வீதியில், செம்மண் தோட்டங்களின் நடுவே அமைந்த உரும்பிராய் போன்றதோர் ஊரில், கல்லூரியின் உதைபந்தாட்டக் குழு ஒரு பருவம் முழுவதும் தோற்றுப்போகுமாயின் அச்செய்தி கல்லூரி மதிலுக்குள் அடங்குவதில்லை. சந்திக் கடைகளில் அது பேசப்படும். பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே யாரேனும் ஒருவர் எழுந்து அதிபரைக் கேள்வி கேட்பார். ‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கும் பேச்சுக்கள் நீளும். மறுபுறத்தில், பிள்ளை பந்தின் பின்னே ஓடியது போதும், பரீட்சை நெருங்கிவிட்டது என்று எண்ணும் பெற்றோர் அத்தோல்வியில் உள்ளூர ஓர் ஆறுதலும் அடைவதுண்டு. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுத்தப்பட்டபின், ஒரு புள்ளிக்காகவும் போராட வேண்டியிருந்த தலைமுறையினருக்கு மைதானத்திற் கழியும் மாலைப்பொழுது இழப்பாகவே தோன்றியதில் வியப்பில்லை. கல்லூரி என்பது எதற்காக இருக்கின்றது என்னும் வினா இவ்விரு சாராருக்குமிடையே கேட்கப்படாமலே கிடக்கின்றது. அதனை வெளிப்படையாகக் கேட்டு, ஒரு விடையும் கண்டு, அவ்விடையின்படி நடந்துகொண்ட பெரிய கல்வி நிறுவனங்கள் உலகில் மிகச் சில. அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. அவ்விடைக்கு அதனை இட்டுச் சென்றது 1939ஆம் ஆண்டின் தோல்விப் பருவமாகும்.

அமெரிக்கக் கல்லூரி மரபு குடாநாட்டுக்கு அந்நியமானதன்று. 1816இல் யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிசன், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியது. அதன் முதல் அதிபராகிய டானியல் பூர், நியூ இங்கிலாந்திலுள்ள டாட்மத் கல்லூரியின் பட்டதாரி. உரும்பிராய்க்கு அயலிலுள்ள உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இல் எழுந்தது. செமினரி மூடப்பட்டபின் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதன் வாரிசாகத் தோன்றியது. பள்ளிக்கூடத்தையே ‘கல்லூரி’ என்றழைப்பதும், பழைய மாணவர் பாசத்தைக் குலப்பெருமைபோற் போற்றுவதும் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியமைக்கு மிசன் காலக் கல்லூரிகள் ஒரு காரணம் எனலாம். எனினும் யாழ்ப்பாணத்துக்கு வந்த உதைபந்து ஆங்கிலேயருடையது. டானியல் பூர் போன்றோர் படித்த கல்லூரிகள், அவர்கள் கப்பலேறிய பின்னர், தமக்கென வேறொரு ஆட்டத்தை வளர்த்துக்கொண்டன.

1869 நவம்பர் 6ஆம் நாள் ரட்கேர்ஸ், பிறின்ஸ்ரன் ஆகிய இரு கல்லூரிகளும் ஆடிய ஆட்டமே அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அன்று பக்கத்துக்கு 25 பேர் ஆடினர். பந்தைக் கையிலெடுத்து ஓட அனுமதி இருக்கவில்லை. சில ஆண்டுகளில் றகர் ஆட்டத்தின் விதிகள் புகுந்தன. 1880களில் யேல் பல்கலைக்கழகத்து வோல்ரர் காம்ப் என்பார் அவற்றையும் மாற்றிப் பக்கத்துக்குப் பதினொருவர் என்றாக்கி இன்றைய வடிவத்துக்கு அடிகோலினார். முட்டை வடிவப் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பாற் கொண்டுசேர்த்தால் 6 புள்ளி; தொடர்ந்து கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் 1; களத்திலிருந்து நேரே உதைத்து அனுப்பினால் 3; பந்துடன் நிற்பவனை அவனது சொந்த எல்லைக்குள்ளேயே வீழ்த்தினால் 2. பெயரில் உதையிருப்பினும் காலுக்கு அங்கு வேலை குறைவு. இவ்வளவும் அறிந்தாற் போதும்.

சிக்காகோப் பல்கலைக்கழகம் 1890இல் ஜோன் டி. றொக்பெல்லரின் எண்ணெய்ப் பணத்தைக்கொண்டு நிறுவப்பட்டு, 1892இல் வகுப்புக்களைத் தொடங்கியது. பழம்பெருமை எதுவுமில்லாத அந்நிறுவனத்தை நாடறியச் செய்யவேண்டிய பொறுப்பு அதன் முதல் தலைவர் வில்லியம் றெயினி ஹாப்பருக்கு இருந்தது. அவர் பேராசிரியர்களைத் தேடிய அதே ஆர்வத்தோடு பயிற்றுநர் ஒருவரையும் தேடினார். அவ்வாறு வந்தவர் அமொஸ் அலொன்சோ ஸ்ராக். மதகுருவாகும் எண்ணத்தோடு யேலில் இறையியல் பயின்ற இவர், மேடையேறிப் பிரசங்கிக்கும் ஆற்றல் தமக்கில்லை என்று கண்டு மைதானத்தையே தமது பணிக்களமாக ஆக்கிக்கொண்டவர். பேராசிரியர் வரிசையில் நிலையான பதவி ஒரு விளையாட்டுப் பயிற்றுநருக்குக் கொடுக்கப்பட்டது அக்காலத்திற் புதுமை. 1892 முதல் 1932 வரை நாற்பத்தொரு பருவங்கள் ஸ்ராக் அங்கே பயிற்றுநராக இருந்தார். மேற்கத்தியச் சங்கம் எனவும் பின்னர் ‘பெரிய பத்து’ எனவும் வழங்கிய பல்கலைக்கழகக் கூட்டணியில் அவரது குழு ஏழு முறை முதலிடம் பெற்றது.

அவ்வேழில் 1905ஆம் ஆண்டு வெற்றி பின்னர் வரவிருப்பதை நோக்கும்போது தனிக் கவனம் பெறுகின்றது. ஐந்து பருவங்களில் 56 ஆட்டங்கள் தோல்வியறியாது வந்திருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சிக்காகோ தனது மைதானத்தில் 2–0 எனத் தோற்கடித்தது. எதிரணி வீரர் ஒருவரை அவரது எல்லைக்குள்ளேயே வீழ்த்திப் பெற்ற அந்த இரண்டு புள்ளிகளே அன்றைய முழுக் கணக்கு. அதே ஆண்டில் ஆட்டத்தின் முரட்டுத்தனத்தால் நாடெங்கும் இளைஞர் பலர் மாண்டனர். சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து எச்சரிக்கவேண்டிய நிலை உருவாயிற்று. பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906இல் அனுமதி வழங்கப்பட்டதும் இக்கண்டனத்தின் விளைவே. ஆக, கல்லூரி உதைபந்தாட்டத்தின் மீதான ஐயம் சிக்காகோவின் தோல்வியோடு பிறந்ததன்று; அது வெற்றி பெற்ற நாட்களிலேயே இருந்தது.

1924இற் கிடைத்ததே கடைசி முதலிடம். அதன்பின் இறக்கம் தொடங்கியது. அயல் மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்கள் மாணவர் தொகையிற் பன்மடங்காகப் பெருகின. உடற்கல்வியையே பட்டப்படிப்புப் பாடமாக்கி, உடல் வலிமையுள்ள இளைஞனுக்கு அவை இலகுவான வழியொன்றைத் திறந்துவிட்டன. 1929 ஒக்டோபரிற் கார்னகி நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, அவற்றுட் பெரும்பாலானவை ஏதோவொரு வகையில் ஆட்டக்காரருக்குப் பணமோ சலுகையோ கொடுத்து வந்தமையை அம்பலப்படுத்தியது. அறிக்கை பரபரப்பாகப் பேசப்பட்டது. நடைமுறை பெரிதும் மாறவில்லை.

அதே 1929இல் றொபேட் மேனாட் ஹற்சின்ஸ் சிக்காகோவின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பது. பல்கலைக்கழகம் சிந்தனைக்கான இடம் என்பதை வேறெதனோடும் சமரசம் செய்ய விரும்பாத இவர், 1931இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின் மூலம் வகுப்புக்குச் சமுகமளித்தலை மாணவரின் விருப்பத்துக்கு விட்டு, பொதுப்பரீட்சை ஒன்றையே தேர்ச்சிக்கு அளவுகோலாக்கினார். இத்திட்டம் உதைபந்தாட்டத்தை நோக்கி இயற்றப்பட்டதன்று. ஆயினும் அதன் பாதிப்பு மைதானத்திலே முதலிற் தெரிந்தது. மருத்துவம் படிக்க விரும்பும் மாணவனும் பந்தைத் தாங்கி ஓடும் மாணவனும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதவேண்டியிருந்தது. உடற்கல்வியிற் பட்டம் பெறும் வழி அங்கில்லை. வலிமைமிக்க இளைஞர் மிச்சிகனையும் இலினோயையும் நாடிச் சென்றமை இயல்பே. 1932இல் எழுபது வயதென்னும் ஓய்வு விதியைக் காட்டி ஸ்ராக்கும் விலக்கப்பட்டார். அவர் வீட்டில் இருந்துவிடவில்லை; கலிபோர்ணியாவிலுள்ள பசிபிக் கல்லூரிக்குச் சென்று மேலும் பதினான்கு பருவங்கள் பயிற்றுவித்து, நூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்தார்.

ஸ்ராக்கின் இடத்துக்கு வந்த கிளாக் ஷோனசி ஆட்டத்தின் நுட்பங்களில் ஆழ்ந்த அறிஞர். அவருக்குக் கிடைத்த பெருவீரர் ஒருவரே: ஜே பேர்வாங்கர். 1935ஆம் ஆண்டில் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என, பின்னர் ஹைஸ்மன் விருது எனப் பெயர் பெற்ற பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் இவரே. அப்பருவத்தில் அவரது குழு நான்கில் வென்று நான்கில் தோற்றது. ஒருவரால் இயலக்கூடியது அவ்வளவுதான். 1936இல் தொழில்முறைக் கழகங்கள் கல்லூரி வீரரை வரிசையாகத் தெரிவு செய்யும் முறையை முதன்முறை தொடங்கியபோது முதலாவதாக அழைக்கப்பட்ட பெயரும் பேர்வாங்கருடையதே. அவர் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லவில்லை; வணிகத்தில் ஈடுபட்டார். அவர் நீங்கிய பின் 1937, 1938, 1939 ஆகிய மூன்று பருவங்களிலும் தன் கூட்டணிக்குள் சிக்காகோ ஓர் ஆட்டத்திலேனும் வெற்றி பெறவில்லை.

1938 டிசெம்பரில் நாடெங்கும் விற்பனையான சற்றடே ஈவினிங் போஸ்ற் என்னும் வார இதழில் ஹற்சின்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரி உதைபந்தாட்டம் நுழைவுச்சீட்டுப் பணத்தால் ஆளப்படுகின்றது, அப்பணத்தை நீக்கினால் நோய் நீங்கும் என்பது அதன் சாரம். நுழைவுக் கட்டணத்தைப் பத்துச் சதமாகக் குறைக்கவேண்டும் என்பது அவர் கூறிய வழிகளுள் ஒன்று. ஒழிக்கவேண்டும் என்று அவர் அப்போது எழுதவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஏனைய கல்லூரிகள் அக்கட்டுரையை வாசித்துவிட்டுத் தம் வழியே சென்றன.

அடுத்த பருவம் 1939 செப்ரெம்பர் இறுதியில் ஆரம்பமாயிற்று. அதற்குச் சில வாரங்களின் முன்னரே ஐரோப்பாவிற் போர் மூண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் பெலோயிட் என்னும் சிறிய கல்லூரியிடம் சிக்காகோ 0–6 எனத் தோற்றது. பெரிய பல்கலைக்கழகங்களுடன் தொடங்கிய பருவமாயின் தோல்விக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். சில நூறு மாணவரைக் கொண்ட கல்லூரியிடம் தோற்றமைக்குச் சமாதானம் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் வோபாஷ் கல்லூரியை 12–2 என வென்றது. அதன்பின் ஹாவார்ட் பல்கலைக்கழகம் 61–0 என்று வென்றது. ஹாவார்டோ உதைபந்தாட்ட வேட்டையில் முன்னணியில் நின்றதொன்றன்று. சிக்காகோவைப்போலவே படிப்பிற்குப் பேர்பெற்றது. ஆகவே அத்தோல்வி ‘படிப்பவர் தோற்பர்’ என்ற எளிய விளக்கத்துக்கும் இடங்கொடுக்கவில்லை.

ஒக்டோபரில் மிச்சிகன் வந்தது. ஸ்ராக்கின் பெயரையே தாங்கிய, அரைலட்சம் பேர்வரை இருக்கக்கூடிய அரங்கில், 85–0 என்பது முடிவாயிற்று. 1905இல் இரண்டு புள்ளிகளால் மிச்சிகனின் கர்வத்தை அடக்கிய மைதானம் அது. மிச்சிகனின் பயிற்றுநராக அன்று நின்றவர் பிறிற்ஸ் கிறைஸ்லர். அவர் சிக்காகோவின் பழைய மாணவர். ஸ்ராக்கின் கீழ் ஆடி, ஸ்ராக்குக்கே துணைப் பயிற்றுநராகவும் இருந்தவர். குருவின் மைதானத்திற் குருகுலத்தின் வீழ்ச்சியைக் கணக்கிடும் பொறுப்பு மாணவனுக்கு வாய்த்தது.

வேர்ஜினியா 47–0 என வென்றது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் 61–0 என வென்றது. ஓபலின் கல்லூரியை மட்டும் சிக்காகோ 25–0 எனத் தோற்கடித்தது. கடைசி ஆட்டத்தில் இலினோய் 46–0 என வென்றது. எட்டு ஆட்டங்களில் வெற்றி இரண்டு, தோல்வி ஆறு; பெற்ற புள்ளிகள் 37, கொடுத்த புள்ளிகள் 308. தோற்ற ஆறு ஆட்டங்களிலும் சிக்காகோ ஒரு புள்ளியேனும் பெறவில்லை.

எண்கள் இவ்வளவிருக்க, அவ்வாட்டங்களில் ஆடிய இளைஞரைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் சம்பளம் பெறவில்லை. விசேட சலுகையின்றி அனுமதி பெற்றவர்கள். வாரநாட்களில் ஏனையோரைப்போலப் படித்து, சனிக்கிழமைகளில் தம்மிலும் பன்மடங்கு ஆயத்தம் பெற்ற குழுக்களின் முன்னே நிறுத்தப்பட்டவர்கள். பல்கலைக்கழகம் தன் நோக்கத்தை மாற்றிக்கொண்டபோதும் ஆட்ட அட்டவணையை மாற்றிக்கொள்ளவில்லை. பத்தாண்டுகளாக ஆளுநர் சபை எடுக்கத் தயங்கிய தீர்மானத்தின் விலையை இவ்விளைஞரே தம் உடம்பாற் செலுத்தினர் என்று கூறின் அது மிகையாகாது.

1939 டிசெம்பர் 21ஆம் நாள் பல்கலைக்கழக ஆளுநர் சபை கல்லூரிகளுக்கிடையிலான உதைபந்தாட்டத்தைக் கைவிடுவதெனத் தீர்மானித்தது. நூலை நேசித்த தலைவர் ஒருவர் பந்தைத் தூக்கியெறிந்தார் என்றே இந்நிகழ்ச்சி வழக்கமாகச் சொல்லப்படும். இக்கூற்று முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. ஹற்சின்ஸின் கொள்கை 1929இலும் இதுவே. கார்னகி அறிக்கை அவ்வாண்டிலேயே கையிற் கிடைத்தது. அவரது கட்டுரை ஓராண்டின் முன்னர் வெளிவந்தது. இவற்றுள் எதுவும் செய்யாததை 85–0 செய்தது. பேர்வாங்கர் போன்ற ஐவர் அக்குழுவில் இருந்து, நான்கைந்து ஆட்டங்கள் வெல்லப்பட்டிருப்பின், வணிகரும் வழக்கறிஞரும் நிறைந்த அச்சபை அதே வாதத்தைக் கேட்டு அதே முடிவுக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. 1940 ஜனவரியில் மாணவர்முன் உரையாற்றிய ஹற்சின்ஸ் தீர்மானத்தைக் கல்வியின் அடிப்படையிலேயே நியாயப்படுத்தினார். தோற்றதனால் விலகவில்லை என்று சொல்வதற்கு மிகவும் வசதியற்ற தருணம் அது. வென்றபின் விலகியிருப்பின் அவ்வாதம் நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் எடுபட்டிருக்கலாம். பெரும் உதைபந்தாட்ட மரபுடைய பல்கலைக்கழகங்களுட் சிக்காகோவின் வழியை அன்று பின்பற்றியவை அரிது. தோற்றவனின் துறவு என்று பிறர் அதனை ஒதுக்கிவிடுதல் எளிதாயிற்று.

தோல்விக்குப் பயிற்றுநரின் அறியாமை காரணமன்று என்பது அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. ஷோனசியைக் கலிபோர்ணியாவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. 308 புள்ளிகள் கொடுத்தவரையா என்று பலர் நகைத்தனர். முந்திய பருவத்தில் ஒரேயொரு வெற்றி பெற்றிருந்த அக்குழு, 1940இல் அவரது புதிய ‘ரீ’ அணிவகுப்புடன் ஆடி ஒன்றிலும் தோற்காது, 1941 புத்தாண்டு நாளன்று றோஸ் பவுல் ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 21–13 என வென்றது. அதே அணிவகுப்பை அவரது ஆலோசனையுடன் கையாண்ட தொழில்முறைக் கழகமாகிய சிக்காகோ பெயேர்ஸ், 1940 டிசெம்பர் 8ஆம் நாள் இறுதியாட்டத்தில் வாஷிங்ரன் கழகத்தை 73–0 எனத் தோற்கடித்தது. தோல்விப் பருவங்களில் ஓர் அறிஞன் சிந்தித்து வைத்தது வேறோரிடத்து இளைஞர் கையிற் பலித்தது.

வெறிச்சோடிய ஸ்ராக் மைதானத்துக்கு விரைவிலேயே வேறு வேலை வந்தது. மேற்குப் பார்வையாளர் அரங்கின் அடியிலிருந்த பந்தாட்டக் கூடத்தில் என்றிகோ பேர்மியும் அவரது குழுவினரும் காரீயக் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி, 1942 டிசெம்பர் 2ஆம் நாள், மனிதனாற் கட்டுப்படுத்தப்பட்ட முதலாவது அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினர். கரவொலிக்காகக் கட்டப்பட்ட படிகளின்கீழ் அணுயுகம் ஓசையின்றித் தொடங்கிற்று. சிந்தனைக்கான இடத்தில் நிகழ்ந்த அச்சிந்தனை மூன்றாண்டுகளில் ஹிரோஷிமாவுக்கு இட்டுச் சென்றது என்பதையும் நினைந்துகொள்ளல் வேண்டும். பந்தை நீக்கியதனால் மட்டும் ஒரு பல்கலைக்கழகத்தின் கை தூய்மையாகிவிடுவதில்லை. பார்வையாளர் அரங்கு 1957இல் இடிக்கப்பட்டது. மைதானம் இருந்த நிலத்தில் 1970இல் றீஜன்ஸ்ரீன் நூலகம் திறக்கப்பட்டது.

நூலகமும் மைதானமும் ஒரே நிலத்துக்குப் போட்டியிட்டு நூலகம் வென்ற இக்கதையை யாழ்ப்பாணத்து வாசகர் ஒரு மெல்லிய பொறாமையின்றிப் படித்தல் அரிது. யாழ்ப்பாணப் பொதுசன நூலகமும் துரையப்பா விளையாட்டரங்கும் அயலயலே நிற்பன. அந்நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. வலிகாமம் வடக்கின் கல்லூரிகள் பல 1990இல் தம் மைதானங்களை விட்டு இடம்பெயர்ந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் உரும்பிராய் உட்பட வலிகாமம் முழுவதுமே இரவோடிரவாக வெறுமையாயிற்று. அங்கெல்லாம் ஆட்டம் நின்றது எந்தச் சபையின் வாக்கெடுப்பினாலுமன்று. மைதானம் வேண்டுமா வேண்டாமா என்று கூடியிருந்து விவாதிப்பதே ஒரு பேறு என்பதைக் குடாநாட்டுக் கல்லூரிகள் அறிந்த அளவுக்குச் சிக்காகோ அறிந்திராது. திரும்பிவந்த ஊர்களில் வகுப்பறைக் கூரை போடப்படுமுன்னரே பிள்ளைகள் பந்தை உருட்டத் தொடங்கியதை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

சிக்காகோவிலும் பந்து மீண்டும் வந்தது. அது 1946இற் ‘பெரிய பத்து’க் கூட்டணியிலிருந்து முறைப்படி விலகியிருந்தது. 1963இல் மாணவர் சிலர் தாமாகவே கழகமொன்று அமைத்து ஆட முற்பட்டபோது, வேறு மாணவர் சிலர் மைதான நடுவில் அமர்ந்து மறியல் செய்தனர். ஹற்சின்ஸ் நீங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவர் கொள்கைக்கு மாணவரிடையே காவலர் இருந்தனர். எனினும் 1969இல் பல்கலைக்கழகம் உதைபந்தாட்டத்தை மீண்டும் தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. இம்முறை விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் எதுவும் வழங்காத சிறிய கல்லூரிகளின் வரிசையிலேயே அது இடம் தேடிக்கொண்டது. 1939இல் அட்டவணையைச் சற்று மாற்றியிருப்பின் அன்றே கிடைத்திருக்கக்கூடிய தீர்வு இதுவே. அதனைக் கண்டடைய முப்பது ஆண்டுகள் சென்றன.

பேர்வாங்கர் 1935இல் வென்ற பரிசு வெண்கலத்தாலான கனமானதொரு சிலை. அதனை எங்கே வைப்பதெனத் தெரியாது அவர் தம் அத்தையின் வீட்டிற் கொடுத்துவைக்க, அவ்வம்மையார் பல ஆண்டுகளாக அதனைக் கதவு காற்றில் அடித்துச் சாத்தாமல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். பிற்காலத்தில் அது பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டு, 2003இல் திறக்கப்பட்ட புதிய விளையாட்டு நிலையத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டது.